இரண்டு அங்குலம்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். நடுவில் கணக்கு வரும். எட்டாம் வகுப்பைத் தாண்டாது, பயம் வேண்டாம்.

மாமல்லபுரத்தில் கல் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் ஆடி மாதத்தில் போன் செய்தான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. 1991-ல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். அவன் அப்பா பெரிய ஸ்தபதி. அவர் காலமாகி 3 வருஷம் ஆகிறது.

"சார், நம்ம பட்டறையில ஒரு பையன் இருக்கான். வந்தவாசிப் பக்கம். நல்ல கை. ஆனா கணக்கு வரல. முக்காவாசி முடிஞ்ச சிலையோட கையை ஒடைச்சுட்டான். நீங்க ஒரு நாலு நாள் வந்து பெருக்கல் வகுத்தல் சொல்லிக் குடுங்க. தேறினா வச்சுக்கறேன். இல்லேன்னா ஊருக்கு அனுப்பிடறேன்" என்றான்.

ஒரு பையனின் வேலை நான் சொல்லித் தரும் கணக்கில் தொங்குகிறது என்று கேட்ட பிறகு வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்க முடியுமா? மறுநாள் காலையில் செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் இறங்கிவிட்டேன்.

பையனுக்கு 22 வயது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. நடந்ததைச் சொல்லச் சொன்னேன்.

பட்டறையில் பெரியவர் ஒரு காலத்தில் 3 அடி உயரத்தில், தோளருகே கையைத் தூக்கிப் பூ ஏந்தி நிற்கும் பெண் சிலை செய்திருக்கிறார். வழிபாட்டுக்கு இல்லை, அலங்காரத்துக்கு. இப்போது அதே சிலையை நாலரை அடியில் செய்து கேட்டார்கள். பெரியவர் எழுதி வைத்த நோட்டு இருந்தது. அதைப் பார்த்து அளவு போட்டுச் செதுக்கியிருக்கிறான். பாலிஷ் போடுவதற்காகச் சிலையைத் திருப்பியபோது தூக்கிய கை தோளோரத்தில் விண்டு கீழே விழுந்துவிட்டது. இரண்டு மாத வேலை, கல்லின் விலை, இரண்டும் போச்சு. பையனின் சம்பளமும் நின்றது.

"எப்படி அளவு போட்டே, காட்டுப்பா" என்றேன். செங்காவியை எடுத்து சிமென்ட் தரையிலேயே எழுதினான்.

இதைப் புரிந்துகொள்ள உங்களுக்குத் தாலமானம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். நம் சிற்ப நூல்களில் ஒரு சிலைக்கு அளவு சொல்லும்போது இத்தனை அடி, இத்தனை முழம் என்று சொல்வதில்லை. சிலையின் மொத்த உயரத்தை எடுத்து, அதை இத்தனை பங்காக வெட்டு என்கிறார்கள். நவதாலம் என்றால் 108 பங்கு. முகம் 12, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு 12, மார்பிலிருந்து தொப்புள் 12, தொப்புளிலிருந்து கீழ்வயிற்றின் முடிவு 12, தொடை 24, முழங்கால் 4, கணைக்கால் 24, பாதம் 4. கூட்டிப் பாருங்கள், 108 வரும். அந்த ஒரு பங்குக்குப் பெயர்தான் அங்குலம். சிலையின் உடம்பிலிருந்தே கிடைப்பதால் தேகலப்தாங்குலம் என்பார்கள். 3 அடிச் சிலை 36 இன்ச். அதை 108-ஆல் வகுத்தால் ஒரு அங்குலம் மூன்றில் ஒரு பங்கு இன்ச். நாலரை அடிச் சிலை 54 இன்ச். அதில் ஒரு அங்குலம் அரை இன்ச். சிலை வளர்ந்தால் அங்குலமும் கூடவே வளரும், விகிதம் மாறாது.

பையன் தரையில் எழுதியது எல்லாம் சரி. முகம் 6 இன்ச், கழுத்து 2 இன்ச், தொடை 12 இன்ச். ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. என் வகுப்பில் இருந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

"அப்ப கை ஏன் ஒடைஞ்சுது?"

"தெரியல சார். நோட்டுல போட்ட மாதிரிதான் விட்டேன்."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். தூக்கிய கை தனியாக நின்றால் தாங்காது என்பதால் கைக்கும் தோளுக்கும் நடுவே கொஞ்சம் கல்லைக் குடையாமல் இணைப்பாக விடுவார்கள். அதற்குப் பெரியவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'நடுவில் 2 அங். கல் விடவும்.' பையன் இரண்டு அங்குலத்தை அரையால் பெருக்கி 1 இன்ச் விட்டிருக்கிறான்.

பழைய 3 அடிச் சிலைகளில் ஒன்று விற்காமல் பட்டறையின் பின்பக்கம் நின்றது. டேப் வைத்துப் பார்த்தோம். நடுவில் விட்டிருந்த கல் சரியாக 2 இன்ச். தாலத்தின் அங்குலமாக இருந்தால் அது முக்கால் இன்ச்சுக்கும் குறைவாக இருந்திருக்க வேண்டும். அதாவது பெரியவர் முகத்துக்கு எழுதிய 'அங்.' வேறு, கல்லுக்கு எழுதிய 'அங்.' வேறு. முதலாவது சிலையின் அங்குலம். இரண்டாவது கடையில் வாங்குகிற டேப்பின் அங்குலம், அதாவது இன்ச். இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயர், ஒரே சுருக்கம்.

நூல்களைக் கேட்டால் அங்குலமே மூன்று வகை என்று சொல்லும். 8 யவை தானியம் கொண்டது மானாங்குலம். செய்பவர் அல்லது செய்விப்பவரின் நடுவிரல் கணுவை வைத்து எடுப்பது மாத்திராங்குலம். மூன்றாவது, நாம் மேலே பார்த்த தேகலப்தாங்குலம். முன்னோர்கள் பெயரைப் பிரித்துத்தான் வைத்தார்கள். நோட்டில் எழுதும்போது கை வேகத்தில் எல்லாம் 'அங்.' ஆகிவிட்டது. பெரியவர் தனக்காக எழுதிக்கொண்டார். அவருக்கு எது எது என்று தெரியும். பையனுக்கு எப்படித் தெரியும்?

என் மாணவன் டேப்பையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பையனிடம், "போய் டீ சொல்லிட்டு வாடா, உனக்கும் சேத்து" என்றான். ஒரு வாரத்தில் அவனிடம் சாதாரணமாகப் பேசிய முதல் வார்த்தை அதுதானாம்.

இதோடு கதை முடிந்திருந்தால் இந்தப் பதிவு எழுதியிருக்க மாட்டேன். அன்று சனிக்கிழமை. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மாணவனின் மகள் வீட்டில் இருந்தாள். சின்ன வயதிலிருந்து என்னை 'சார் தாத்தா' என்று கூப்பிடுவாள். நோட்டைப் பார்த்துவிட்டு, "சார் தாத்தா, என் வேலையே இதுதான். ஆறு மாசமா இதோடதான் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. சிற்பத்துக்கும் சிறுசேரிக்கும் என்ன சம்பந்தம்? டீ ஆறும் வரை விளக்கினாள். எனக்குப் புரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன்.

புரோகிராம் எழுதுவதற்கு முன்னால், அந்த புரோகிராம் என்ன செய்தால் சரி என்பதைக் கணித மொழியில் எழுதி வைப்பது ஒன்று உண்டு. அதற்கு ஃபார்மல் ஸ்பெசிஃபிகேஷன் என்று பெயர். நாம் விவரக் குறிப்பு என்று வைத்துக்கொள்வோம். எப்படிச் செய்வது என்று அது சொல்லாது, என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கவே கூடாது என்று சொல்லும். ஒரே கணக்கிலிருந்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் பணம் எடுத்தாலும் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது, இந்த மாதிரி. இப்படி எழுதியதை இயந்திரத்திடம் கொடுத்தால் அது எல்லா வழிகளிலும் போய்ப் பார்த்து, எங்கே ஓட்டை என்று காட்டும். லெஸ்லி லாம்போர்ட் என்பவர் உருவாக்கிய டி.எல்.ஏ. பிளஸ் என்ற மொழியை அமேசான் நிறுவனம் 2011 முதல் இப்படித்தான் பயன்படுத்துகிறது.

இவள் குழுவில் சொந்த உபயோகத்துக்கு ஒரு சின்ன விவர மொழி வைத்திருக்கிறார்கள். அதில் 'பூட்டு' பற்றிய விவரம் ஒன்று உண்டு. ஒரு பதிவேட்டை ஒருவர் திருத்தும்போது இன்னொருவர் கை வைக்கக் கூடாது என்பதுதான் பூட்டு. தேவைப்பட்ட 11 இடங்களில் அதே பக்கத்தை நகல் எடுத்து, பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் அதில் ஒரு தவறு கண்டுபிடித்தார்கள். ஒரு இடத்தில் திருத்தினார்கள். மிச்சம் 10 இடம் அப்படியே கிடந்தது. அதனால், ஒரு முறை எழுதி வேண்டிய இடத்தில் வேண்டிய அளவைக் கொடுத்து எடுத்துக்கொள்ளும்படி அந்த மொழியிலேயே வசதி செய்யச் சொல்லி இவளிடம் கொடுத்திருக்கிறார்கள். அளவுரு வைத்த மாட்யூல் என்றாள். எனக்கு உடனே தோன்றியது, இவள் தாத்தாவின் நவதாலம் அதுதானே? உயரத்தைக் கொடு, சிலையின் அளவை எடுத்துக்கொள்.

"அப்ப சுலபம்தானேம்மா. உயரத்துக்கு ஒரு காலி இடம் விட்டு எழுத வேண்டியதுதானே?"

"அங்கதான் தாத்தா சிக்கலே. காலி இடத்துல என்ன போடலாம், என்ன போடக் கூடாதுன்னு சேத்து எழுதணும்."

இதற்கு நான் பள்ளியிலிருந்து ஒரு உதாரணம் சொன்னேன், அவள் சரி என்றாள். உங்களுக்கும் சொல்கிறேன். பிள்ளைகளை வரிசைப்படுத்துவது எப்படி என்று ஒரு முறை எழுதிவிட்டால், மதிப்பெண்ணைக் கொடுத்து ரேங்க் எடுக்கலாம், பிறந்த தேதியைக் கொடுத்து வயது வரிசை எடுக்கலாம், உயரத்தைக் கொடுத்து பிரேயரில் நிற்க வைக்கலாம். வரிசைப்படுத்தும் முறை ஒன்று, கொடுக்கும் ஒப்பீடுதான் வேறு. ஆனால் கேரம் போட்டியில் யார் யாரை ஜெயித்தார்கள் என்பதைக் கொடுத்துப் பாருங்கள். முதலாமவன் இரண்டாமவனை ஜெயித்தான், இரண்டாமவன் மூன்றாமவனை ஜெயித்தான், மூன்றாமவன் முதலாமவனை ஜெயித்துவிட்டான். இப்போது யாரை முன்னால் நிறுத்துவது? வரிசைப்படுத்தும் முறையில் தவறில்லை, கொடுத்த ஒப்பீடுதான் தகுதியில்லாதது. ஆகவே 'எனக்குக் கொடுக்கும் ஒப்பீடு சுற்றி வந்து தன்னையே முட்டக் கூடாது' என்ற நிபந்தனையையும் அந்த மாட்யூலின் தலையிலேயே எழுத வேண்டும்.

ராட் பர்ஸ்டால், ஜோசஃப் கோகன் என்ற இருவர் 1977-லேயே கிளியர் என்ற விவர மொழியில் இதை யோசித்திருக்கிறார்கள். சின்னச் சின்ன விவரங்களைக் கோத்துப் பெரிய விவரம் செய்வது எப்படி என்பதுதான் அவர்கள் கேள்வி. பிறகு கோகன் ஓ.பி.ஜே. என்ற மொழியில் இதை மூன்றாகப் பிரித்தார். மாட்யூல் ஒன்று. அதற்குள் வருவது என்ன தகுதியோடு வர வேண்டும் என்ற நிபந்தனைப் பட்டியல் ஒன்று. இந்தப் பொருள் அந்தப் பட்டியலுக்கு இன்னின்ன விதத்தில் பொருந்துகிறது என்று காட்டும் பொருத்தக் குறிப்பு ஒன்று. டி.எல்.ஏ. பிளஸ்ஸிலும் மாட்யூலின் மேலே மாறிலிகளைச் சொல்லி, அவை பற்றிய அனுமானத்தையும் எழுதலாம். பிறகு இன்னொரு இடத்தில், இந்த மாறிலிக்குப் பதில் இதைப் போட்டு எடுத்துக்கொள் என்று சொல்லலாம்.

34 வருஷம் கணக்கு நடத்தியவன் என்ற முறையில் எனக்கு இது மனதில் தைத்தது. சூத்திரத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'பகுதி பூஜ்யமாக இருக்கக் கூடாது' என்று இருப்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். எத்தனையோ பரீட்சைத் தாள்களில் பார்த்தாயிற்று.

அதற்குள் அவள் ஒரு தாளில் எழுத ஆரம்பித்துவிட்டாள். நவதாலம், அளவுரு உயரம், அங்குலம் என்பது உயரத்தை 108-ஆல் வகுத்தது, முகம் 12 அங்குலம் என்று பட்டியல் போனது. இணைப்புக் கல் வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "தாத்தா, 3 அடிக்கு 2 இன்ச்னா, நாலரை அடிக்கு 3 இன்ச்சா?"

இது என் ஏரியா. இல்லை என்றேன். உயரம் ஒன்றரை மடங்கு ஆனால் அகலமும் கனமும் ஒன்றரை மடங்கு ஆகும். ஆகவே எடை ஒன்றரையை மூன்று முறை பெருக்கியது, 3.375 மடங்கு. தாங்குகிற கல்லின் குறுக்குப் பரப்போ ஒன்றரையை இரண்டு முறை பெருக்கியது, 2.25 மடங்குதான். விகிதப்படி 3 இன்ச் விட்டாலும் ஒவ்வொரு சதுர இன்ச் கல்லும் முன்பைவிட ஒன்றரை மடங்கு பாரம் சுமக்கும். பழைய சிலையின் அதே பாதுகாப்பு வேண்டுமென்றால் ஏறக்குறைய 3.7 இன்ச் விட வேண்டும். கலிலியோ 1638-ல் வந்த புத்தகத்தில் எலும்பை வைத்துச் சொன்ன விஷயம் இது. எலியின் எலும்பை அப்படியே பெரிதாக்கி யானைக்கு வைத்தால் யானை நிற்காது. பையன் விட்டதோ 1 இன்ச். பெரிய சிலைக்குச் சின்னச் சிலையைவிடக் குறைவான கல்! கை நிற்காமல் போனதில் என்ன ஆச்சரியம்?

"அப்ப இது நவதாலத்துக்குள்ள வரவே கூடாது. எடையை அளவுருவா வச்சுத் தனி மாட்யூல்" என்று கோடு போட்டுப் பிரித்தாள்.

கன்னியாகுமரி வள்ளுவர் சிலை ஞாபகம் வந்தது. 2000 ஜனவரி 1-ல் திறந்தது. பீடம் 38 அடி, சிலை 95 அடி, சேர்த்து 133. செய்தவர் வை. கணபதி ஸ்தபதி. மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வெளியே பார்த்தால் மரபான உருவ விகிதம். ஆனால் அதை ஒரே கல்லில் செதுக்கி நிறுத்தவில்லை. கற்களை அடுக்கி, உள்ளே கூடாக விட்டுக் கட்டியிருக்கிறார்கள். உருவத்துக்கு ஒரு விதி, நிற்பதற்கு இன்னொரு விதி. 2004 சுனாமி வந்துபோன பிறகும் நிற்கிறது.

இவ்வளவு நேரம் என் மாணவன் பேசவில்லை. இப்போது ஆரம்பித்தான்.

"பாப்பா, நீ பேப்பர்ல எழுதிடுவே. கல்லு உன் பேப்பரைப் படிக்குமா? தாத்தா எழுதினது பாதி, எழுதாதது பாதி. இதெல்லாம் மெஷின்ல போட்டுட்டா நாளைக்கு எவன் வேணாலும் பட்டனை அமுக்கிச் சிலை செய்வான். நாம எதுக்கு?"

"எழுதலேன்னா நாளைக்கு யாருமே செய்ய மாட்டாங்கப்பா. தாத்தா போனதும் 2 அங்குலம் எந்த அங்குலம்னு உங்களுக்கே தெரியலயே."

அவன் முகம் மாறிவிட்டது. அப்பாவைப் பற்றிய பேச்சு அவனுக்கு இன்னும் ஆறாத புண். நான் இடையில் புகுந்தேன். "சரிப்பா, கல்லு வந்ததும் அப்பா முதல்ல என்ன பண்ணுவார்?" என்று கேட்டேன்.

"தட்டிப் பாப்பார். மணி மாதிரி கேக்குதா, மந்தமா கேக்குதான்னு. ஆண் கல்லு, பெண் கல்லு, ரெண்டும் இல்லாத கல்லுன்னு சத்தத்துலயே பிரிப்பார். கோடு, ஓட்டம், வேற நிறப் பட்டை இருந்தா அளவே போட மாட்டார். தள்ளி வச்சுடுவார்."

"அளவு போடறதுக்கு முன்னாலயேவா?"

"முன்னால்தான் சார். தேறாத கல்லுக்கு எதுக்கு அளவு?"

மகள் சிரித்துவிட்டாள். "அப்பா, இதைத்தான் நான் நிபந்தனைன்னு சொன்னேன். தாத்தா இதை முதல்லயே வச்சிருக்கார். கோகன் சொன்னதைத் தாத்தா கல்லைத் தட்டிச் சொல்லியிருக்கார்."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியைத் தாள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். ஆசிரியர்களுக்குத் தெரியும், பையன் பெஞ்சை முன்னால் இழுத்தால் பாதி வேலை முடிந்தது.

அதற்குப் பிறகு அவனே சொல்ல ஆரம்பித்தான். சோமாஸ்கந்தரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். சிவன், உமை, நடுவில் குழந்தை முருகன், மூவரும் ஒரே பீடத்தில். பல்லவர்களுக்கு மிகப் பிடித்த வடிவம். கடற்கரைக் கோயிலிலும் இருக்கிறது. சிவனுக்கு உத்தம தசதாலம், 124 அங்குலம். உமைக்கு மத்திம தசதாலம், 120 அங்குலம். குழந்தைக்கு அதைவிடச் சின்னத் தாலம். ஒவ்வொருவரின் அங்குலமும் அவரவர் உடம்பிலிருந்து வருவது. சிவனின் முகம் இத்தனை அங்குலம், உமையின் முகம் இத்தனை அங்குலம் என்றால் அவை இரண்டு வேறு அங்குலங்கள். ஆனால் உமையின் உயரத்தை இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. சிவனின் காது வரையா, தாடை வரையா, தோள் வரையா என்று ஏதாவது ஓரிடத்தைக் குறிவைத்துத்தான் எடுக்க வேண்டும். பீடமோ மூவருக்கும் ஒன்றுதான்.

மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஆறு மாதமாக அவள் மல்லுக்கட்டிய மூன்று கேள்வியும் இந்த ஒரு சிலையில் இருக்கிறதாம். ஒன்று, ஒரே மாட்யூலை இரண்டு முறை எடுத்தால் உள்ளே இருக்கும் பெயர்கள் மோதும். நாம் ஒரு பள்ளியில் இரண்டு முருகன் இருந்தால் எட்டு 'அ' முருகன், எட்டு 'ஆ' முருகன் என்று கூப்பிடுவோமே, அப்படி சிவனின் அங்குலம், உமையின் அங்குலம் என்று முன்னொட்டு போட வேண்டும். இரண்டு, ஒன்றின் அளவுரு இன்னொன்றின் உள்ளிருந்து வரலாம். மூன்று, பொதுவானது பொதுவாகவே இருக்க வேண்டும். மூன்று பேருக்கும் தனித்தனியே பீடம் நகலெடுத்துவிட்டால் அது சோமாஸ்கந்தர் இல்லை, மூன்று சிலை. கிளியர் மொழியைச் செய்தவர்களும் இந்தப் பொதுப் பங்கைப் பற்றித்தான் நிறைய யோசித்தார்கள் என்றாள்.

சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை வார்க்கிறவர்கள் ஒடி ஓலை என்று ஒன்று வைத்துக்கொள்வார்கள். தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, தாலக் கணக்குப்படி மடித்து மடித்து அடையாளம் செய்துகொள்வது. அதில் எண்ணே கிடையாது. சிலை பெரிதானால் ஓலையை நீளமாக நறுக்கு, மடிப்பு அதேதான். இதைவிட எளிமையாக ஒரு அளவுருவை யாராலும் கையில் கொடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகும் இதே யோசனை. நம் வீட்டுப் பெண்கள் கோலத்துக்குக் குறிப்பு சொல்வதைக் கவனியுங்கள். '13 புள்ளி, 7 வரை, இடுக்குப் புள்ளி.' அவ்வளவுதான். நடு வரிசையில் 13, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 7-ல் நிற்கும். எண்ணினால் 127 புள்ளி. '15 புள்ளி, 8 வரை' என்றால் 169. இரண்டும் ஒரே வடிவம், அளவுதான் வேறு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கடைசி எண்ணை இரட்டித்து ஒன்றைக் கழித்தால் நடு எண் வர வேண்டும். 13 புள்ளியை 5 வரை வைத்துப் பாருங்கள். புள்ளி வைக்கலாம். ஆனால் ஆறு பக்கமும் சமமாக இருக்காது, சுற்றி ஆறு இதழ் போட்டால் ஒன்றோடு ஒன்று சேராது. இந்த நிபந்தனையை எந்தப் பாட்டியும் வாயால் சொல்வதில்லை. தப்பாக வைத்தால் மட்டும் "கோலம் நிக்காதுடி" என்பார்கள்.

இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னதும் நம் மாவட்டம்தான். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-ல் கோலங்களையும் அணி இலக்கணங்களையும் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஒரு சின்ன விதித் தொகுப்பு, அதைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஒரே குடும்பத்துக் கோலங்கள் சின்னதிலிருந்து பெரியது வரை முடிவில்லாமல் வரும் என்று கம்ப்யூட்டர் மொழி இலக்கணத்தில் காட்டினார்கள். வாசலில் போடும் கோலம் இப்படித்தான் கணினி அறிவியல் பத்திரிகைக்குள் போனது. இன்னொரு விஷயம் தெரியுமா? அதே கிஃப்ட் சிரோமணி தம் சகாக்களோடு சேர்ந்து பல்லவச் சிற்பங்களின் அங்க அளவுகளை ஆராய்ந்து 1980-ல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். கோலத்தையும் சிலையையும் ஒரே மனிதர் அளந்து பார்த்திருக்கிறார். எனக்கு ஆச்சரியமில்லை. இரண்டிலும் இருப்பது ஒரே கேள்விதானே.

அடுத்த முறை ஐந்து ரதம் பக்கம் போனால் செல்ஃபி எடுத்த பிறகு ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள். பீம ரதத்தின் வண்டிக்கூடு மாதிரி நீளக் கூரையைப் பாருங்கள். பிறகு பக்கத்தில் தர்மராஜ ரதத்தின் மேல் தளங்களைப் பாருங்கள். அதே கூரை கைக்கு அடக்கமாக வரிசையாக இருக்கும். அதற்குச் சாலை என்று பெயர். மூலையில் சதுரமாக நிற்பது கர்ணகூடம். ஒரு முழுக் கட்டடத்தின் வடிவத்தைச் சின்னதாக்கி இன்னொரு கட்டடத்துக்கு உறுப்பாக வைத்திருக்கிறார்கள். இந்தக் கண்ணோடு பார்த்த பிறகு எனக்கு அந்த இடம் வேறு மாதிரி தெரிகிறது.

இப்போதைய நிலவரம். பட்டறையில் பெரியவரின் நோட்டு மொத்தம் 14. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகளும் உட்கார்ந்து, ஒவ்வொரு 'அங்.'-கும் எந்த அங்குலம் என்று பழைய சிலைகளை அளந்து எழுதுகிறார்கள். தேகாங்குலத்துக்குப் பச்சை மை, இன்ச்சுக்குச் சிவப்பு மை. 3 நோட்டு முடிந்திருக்கிறது. சில இடத்தில் அளந்து பார்க்கச் சிலை இல்லை, விற்றுப்போய்விட்டது. அங்கே கேள்விக்குறி போட்டு விட்டிருக்கிறார்கள். கேள்விக்குறி போட்டதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தெரியாத இடத்தில் ஊகத்தை எழுதிவிட்டால் அடுத்த பையன் அதை உண்மை என்று நம்பிவிடுவான்.

எழுத முடியாதது எவ்வளவோ இருக்கிறது என்று என் மாணவன் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். உளியை எந்தச் சாய்வில் பிடிப்பது, கல்லின் ஓட்டம் தெரிந்ததும் எங்கே அடியை மெதுவாக்குவது, கடைசியில் கண்ணை எப்படித் திறப்பது, இதெல்லாம் எந்த மாட்யூலில் வரும் என்று கேட்கிறான். வராதுதான். மகளும் ஒத்துக்கொள்கிறாள். வரக்கூடியதை எழுதிவிட்டால், வராததைச் சொல்லிக்கொடுக்க நேரம் கிடைக்கும் என்பது அவள் கட்சி. மெஷின் வருமா வராதா என்ற சண்டை இன்னும் முடியவில்லை. அதற்கு நான் பஞ்சாயத்து செய்யப் போவதில்லை, அவர்கள் வீட்டு விஷயம்.

வந்தவாசிப் பையன் அங்கேயேதான் இருக்கிறான். நின்ற சம்பளத்தைக் கொடுத்துவிட்டார்கள். புதிய கல் வந்து, தட்டிப் பார்த்து, அளவு போட்டாயிற்று. இந்த முறை இணைப்புக்கு 4 இன்ச். 3.7 போதுமே என்றதற்கு, "மீதி எங்கப்பாவுக்கு சார்" என்றான் என் மாணவன்.

அன்பு மாணவர்களே, உங்களில் தச்சு, தறி, நகை, சமையல், படகு என்று குடும்பத் தொழில் உள்ளவர்கள் எத்தனையோ பேர். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். எழுதினவர் இன்னும் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து இரண்டே கேள்வி கேளுங்கள். இந்த எண் எந்த அலகில்? இது எப்போது செல்லாது? பதிலை அதே பக்கத்தில், அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். தனித் தாளில் எழுதினால் தொலைந்துவிடும், அனுபவத்தில் சொல்கிறேன்.